கம்பு சுற்ற செல்போன் போதுமா?

இந்தக் கட்டுரையைப் படிக்க உட்காரும் முன் ஓர் அடி ஸ்கேலை எடுத்துக்கொண்டு வாருங்கள். தம்பி, தங்கை, பக்கத்து வீட்டு நண்பர் என்று யாராவது ஒருவரையும் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் விளையாட்டு, பிறகுதான் படிப்பு!

முதல் ஆட்டத்தைத் தனியாக ஆட வேண்டும். இடது கையால் ஸ்கேலின் மேல் நுனியைப் பிடித்து நேராகத் தொங்கவிடுங்கள். கீழே பூஜ்யம் இருக்கும் இடத்தில் வலது கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஸ்கேலைத் தொடாமல் திறந்து வையுங்கள். இப்போது இடது கையால் ஸ்கேலை விட்டு, வலது கையால் பிடியுங்கள். எத்தனையாவது சென்டிமீட்டரில் பிடித்தீர்கள்? ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஆட்டத்தில் ஸ்கேலை உங்கள் நண்பர் பிடித்துக்கொள்ளட்டும். எப்போது விடப் போகிறார் என்று அவர் சொல்லவே கூடாது. திடீரென்று விட வேண்டும், நீங்கள் பிடிக்க வேண்டும். இந்த எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என்ன, முதல் எண் சின்னதாகவும் இரண்டாவது எண் பெரிதாகவும் இருக்கிறதா? சிலருக்கு ஸ்கேல் கையில் சிக்காமல் தரையிலேயே விழுந்திருக்கும்! அதே கை, அதே ஸ்கேல். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? தாளைப் பத்திரமாக வையுங்கள். ஒரு கதை சொல்லிவிட்டு விடைக்கு வருகிறேன்.

காவிரிக் கரைத் திடல்

எனக்கு ஊர் மயிலாடுதுறை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் காவிரி. கரையோரம் ஒரு திடல், திடலின் ஓரத்தில் ஒரு பெரிய வேப்பமரம். மாலை ஐந்தரை மணி ஆனால் அங்கே 'விர்... விர்...' என்று சத்தம் கேட்க ஆரம்பிக்கும். காற்றைக் கிழித்துக்கொண்டு கம்பு சுற்றும் சத்தம் அது. ஆமாம், சிலம்ப வகுப்பு!

சொல்லிக் கொடுப்பவரைப் பிள்ளைகள் 'மாஸ்டர்' என்று கூப்பிடுவார்கள். எனக்கு அவர் 'தம்பி'. ஏன் தெரியுமா? என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவர் அவர். இன்றும் என்னைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி, "வணக்கம் டீச்சர்" என்பார். அவரிடம் கம்பு கற்றுக்கொள்ளத்தான் என் பேத்தியைச் சேர்த்துவிட்டேன்.

சிலம்பம் நம் தமிழ்நாட்டின் பழைய தற்காப்புக் கலை. மூங்கிலிலோ பிரம்பிலோ கம்பு செய்வார்கள். நிமிர்ந்து நின்றால் நம் நெற்றி உயரத்துக்குக் கம்பு இருக்க வேண்டும் என்பது ஆசான்கள் சொல்லும் கணக்கு. குறவஞ்சி, துளுக்காணம், நாகம் பதினாறு என்று சிலம்பத்தில் பல வகைகள் உண்டு. மான்கொம்பு, சுருள்வாள் போன்ற ஆயுதங்களும் உண்டு. ஆனால், வகுப்பில் சேர்ந்த உடனே கையில் கம்பைக் கொடுத்துவிட மாட்டார்கள். முதலில் காலடி. எந்தக் காலை எங்கே வைப்பது, எப்படித் திரும்புவது, எப்படிப் பின்வாங்குவது என்பது பழகிய பிறகுதான் கம்பு கைக்கு வரும்.

ஒரு காலத்தில் பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் மட்டும் வெளியே வந்த கம்பு, இன்று பெரிய அரங்கங்களுக்குப் போயிருக்கிறது. 2021இல் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத அரசு வேலை இட ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் தமிழ்நாடு அரசு சேர்த்தது. 2023இல் நடந்த முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் சிலம்பமும் இருந்தது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகள் தமிழ்நாட்டில் நடந்தபோது, சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம் பெற்றது. அந்தப் போட்டிகளின் சின்னமாக யாரை வைத்தார்கள் தெரியுமா? வீரமங்கை வேலு நாச்சியாரை!

மொட்டை மாடி வகுப்பு

என் பேத்தி சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. காலடி முடிந்து அப்போதுதான் கம்பு கைக்கு வந்திருந்தது. 2020 மார்ச் மாதம் கொரோனா வந்துவிட்டது. பள்ளிகளை மூடினார்கள். மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. திடலில் ஒரு காக்கை கூட இல்லை. பிள்ளைகளுக்குப் பாடம் கல்வித் தொலைக்காட்சியிலும் செல்போனிலும் வந்தது.

மாஸ்டரும் யோசித்தார். தன் வீட்டுக் கொல்லையில் நின்று கம்பு சுற்றி, அதை வீடியோ எடுத்து எங்கள் செல்போன்களுக்கு அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமைகளில் நேரடியாகவும் வீடியோவில் வருவார். மொட்டை மாடியில் ஒரு பூந்தொட்டி மேல் செல்போனைச் சாய்த்து வைத்துவிட்டு, அதன் எதிரே நின்று பேத்தி பழகுவாள்.

முதல் இரண்டு நாள் ஒரு வேடிக்கை நடந்தது. மாஸ்டர் வலது பக்கம் வீசினால் இவள் இடது பக்கம் வீசுவாள். எதிரே நிற்பவரின் வலது கை நமக்கு இடது பக்கமாகத்தானே தெரியும்! கண்ணாடியில் பார்ப்பதைப் போல இவள் அப்படியே செய்துகொண்டிருந்தாள். மாஸ்டர் இதைக் கண்டுபிடித்து, பிறகு வந்த வீடியோக்களை எல்லாம் தன் முதுகுப் பக்கமிருந்து எடுக்கச் சொன்னார். குழப்பம் தீர்ந்தது.

செல்போனால் நிறைய நன்மைகள் கிடைத்தன என்பதை நான் மறைக்கப் போவதில்லை. திடலில் மாஸ்டர் ஒரு வீச்சை மூன்று முறை செய்து காட்டுவார். வீடியோவில் அதை முப்பது முறை பார்க்கலாம். மணிக்கட்டு எந்த இடத்தில் திரும்புகிறது என்று மெதுவாக ஓடவிட்டுப் பார்க்கலாம். வரிசைகளின் பெயர்களை என் பேத்தி ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் படமும் வரைந்து வைத்தாள். மலேசியாவில் தமிழ்ப் பிள்ளைகள் கம்பு சுற்றுவதையும் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

ஓர் ஆண்டு போனது. அவள் கம்பு சுற்றும் அழகைப் பார்க்க வேண்டுமே! கம்பே கண்ணுக்குத் தெரியாது, ஒரு வட்டம்தான் தெரியும். நானே வீடியோ எடுத்து உறவுக்காரர்களுக்கு எல்லாம் அனுப்பினேன். "இனிமேல் திடல் எதற்கு? எல்லாம் செல்போனிலேயே வந்துவிட்டது" என்று பெருமையாகச் சொன்னேன். இத்தனை ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற ஆசிரியை நான். பார்த்தால் படித்தாகிவிட்டது என்று நானும் நம்பிவிட்டேன், பாருங்கள்!

பட்டன் போன் வீட்டுப் பையன்

அதே வகுப்பில் ஒரு பையன். என் பேத்தியைவிட ஒரு வயது சின்னவன். அவன் வீடு காவிரிப் படித்துறைக்குப் பக்கத்தில். அப்பாவுக்கு வயல் வேலை. வீட்டில் இருந்தது ஒரே ஒரு பட்டன் போன். அதில் பேசலாம், வீடியோ வராது.

அந்தப் பையனை என்ன செய்வது? மாஸ்டர் ஒரு நாள் முகக்கவசம் போட்டுக்கொண்டு சைக்கிளில் போனார். வாசலுக்கு வெளியே தள்ளி நின்றுகொண்டு, மண்ணில் காலடிக் கோடுகளை வரைந்தார். "தம்பி, உனக்குத் தெரிஞ்ச வீச்சு நாலும் போதும். தினமும் இந்தக் காலடியோட சேர்த்துச் செய். அப்பாவை எதிரே நிற்கச் சொல்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அவனுடைய அப்பா இளவயதில் பொங்கலுக்குக் கம்பு சுற்றியவர். வேலை முடிந்து வந்ததும் மகனோடு வாசலில் நிற்பார். மகனுக்கு ஒரு கம்பு, அப்பாவுக்கு ஒரு கம்பு. மெதுவாக வீசுவார்கள், தடுப்பார்கள், சிரிப்பார்கள். புதிதாக ஒரு வரிசையும் அவன் கற்றுக்கொள்ளவில்லை. பழைய நான்கு வீச்சுகள்தான், திரும்பத் திரும்ப!

மீண்டும் திடலில்

2021 நவம்பர் 1ஆம் தேதி ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகள் திறந்தன. ஐப்பசி அடைமழை ஓய்ந்து தரை காய்ந்ததும், சிலம்பத் திடலும் திறந்தது. நானும் பேத்தியோடு போனேன். அவள் கம்பு சுற்றுவதைப் பார்த்து எல்லோரும் வியக்கப் போகிறார்கள் என்று எனக்கு ஒரே ஆசை.

மாஸ்டர் அவளை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். அவள் கம்பைத் தரையில் ஊன்றி அவள் பக்கத்தில் நிறுத்தினார். கம்பு அவள் மூக்குக்குக் கீழேயே நின்றுவிட்டது! "பாப்பா வளர்ந்துட்டா டீச்சர். கம்பு வளரலை" என்று சிரித்தார். ஒன்றரை ஆண்டுகளாக தினமும் அவளைப் பார்க்கும் எனக்கு அது தோன்றவில்லை. செல்போன் திரையிலும் தெரியவில்லை. நேரில் பார்த்த அந்த நிமிடமே ஆசானுக்குத் தெரிந்துவிட்டது.

புதுக் கம்பு கொடுத்தார். அவள் சலாம் வரிசை செய்தாள். வரிசைகளை ஒவ்வொன்றாகச் சுற்றிக் காட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு மாஸ்டர் அந்தப் பையனைக் கூப்பிட்டு எதிரே நிற்க வைத்தார். "மெதுவா, ஒருத்தர் வீசணும், ஒருத்தர் தடுக்கணும்" என்றார்.

பையன் வீசினான். கம்பு அவள் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து அப்படியே நின்றது. அவள் தடுக்கவே இல்லை! கம்பு வந்த பிறகுதான் அவளுக்கு அது தெரிந்தது. மறுபடியும் வீசினான். இந்த முறையும் ஒரு சாண் தூரத்தில் நின்றது. சுற்றி நின்ற சிறுவர்கள் சிரித்துவிட்டார்கள்.

இப்போது அவள் முறை. சிரிப்பைக் கேட்டு முகம் சிவந்திருந்தது. மாடியில் வீசிப் பழகிய அதே வேகத்தில் வீசினாள். மாடியில் அவள் எதிரே யாரும் இருந்ததில்லை. எங்கே நிறுத்துவது என்று அந்தக் கைக்குத் தெரியாது. பையன் தடுத்தான், ஆனால் கம்பு சறுக்கி, அவன் விரல்களின் மேல் 'பட்' என்று விழுந்தது.

குழந்தைகளே, அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இரண்டு விரல்கள் உடனே வீங்கிவிட்டன. பையன் அழவில்லை. என் பேத்திதான் கம்பைக் கீழே போட்டுவிட்டு ஓவென்று அழுதாள். ஐஸ் கட்டி வைத்தோம், மருத்துவரிடம் காட்டினோம். நல்ல வேளையாக எலும்பு முறியவில்லை.

அன்று மாலை நான் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அப்பா, "கம்பு பிடிச்ச கையிலே அடி படாம இருக்குமா டீச்சர், நீங்க வருத்தப்படாதீங்க" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது. "திடல் எதற்கு?" என்று பேசியவள் நான்தானே!

திரும்பும் வழியில் மாஸ்டர் ஒன்று சொன்னார். "அடிக்கிறதுக்குப் பலம் போதும் டீச்சர். அடியை நிறுத்துறதுக்குத்தான் பயிற்சி வேணும்."

ஸ்கேல் சொன்ன விடை

இப்போது அந்தத் தாளை எடுங்கள். ஸ்கேல் விழும் தூரத்தை வைத்து நேரத்தைக் கணக்கிடலாம். 15 சென்டிமீட்டர் விழ சுமார் 0.17 விநாடி ஆகும். 20 சென்டிமீட்டர் விழ சுமார் 0.2 விநாடி. 30 சென்டிமீட்டர் விழ சுமார் 0.25 விநாடி. நண்பர் ஸ்கேலை விட்டதைக் கண் பார்த்து, மூளைக்குச் சொல்லி, மூளை விரலுக்குக் கட்டளை போட்டு, விரல் மூடுவதற்கு உங்களுக்கு ஆன நேரம் அது.

தனியாகச் செய்தபோது ஏன் அவ்வளவு சீக்கிரம் பிடித்தீர்கள்? எப்போது விடப் போகிறோம் என்பது உங்களுக்கே தெரியும் அல்லவா! இடது கை விடும்போதே வலது கை மூடத் தயாராகிவிட்டது. நீங்கள் காத்திருக்கவே இல்லை.

வீடியோ பார்த்துப் பழகுவதும் அந்த முதல் ஆட்டம் மாதிரிதான். வீடியோவில் வரும் கம்பு ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்துக்குத்தான் வரும். பத்து முறை பார்த்தால் உங்கள் உடம்புக்கே அது மனப்பாடம் ஆகிவிடும். நிஜத்தில் எதிரே நிற்பவர், "இதோ வீசப் போகிறேன்" என்று சொல்லிவிட்டா வீசுவார்? அவருடைய தோள் அசைவதை, கால் நகர்வதைப் பார்த்து நாமே ஊகிக்க வேண்டும். அந்த ஊகம் ஆளோடு நின்று பழகினால்தான் வரும்.

இன்னும் ஒன்று உண்டு. செல்போன் திரை தட்டையானது. எதிரே வரும் கம்பு ஒரு முழ தூரத்தில் இருக்கிறதா, ஒரு சாண் தூரத்தில் இருக்கிறதா என்று அதில் அளக்க முடியாது. சிலம்பத்தில் உயிர்நாடியே அந்த இடைவெளிதான்.

மூன்றாவது விஷயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு செய்து பாருங்கள். கண்ணை மூடி, ஒரு விரலால் மூக்கு நுனியைத் தொடுங்கள். தொட்டுவிட்டீர்களா? பார்க்காமலே கை எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது? நம் தசைகளிலும் மூட்டுகளிலும் இருக்கும் நரம்புகள் அந்தச் செய்தியை மூளைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. கம்போடு கம்பு மோதும்போது உள்ளங்கையில் ஓர் அதிர்வு வரும். எவ்வளவு பலத்தில் அடித்தோம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அந்த அதிர்வுதான் கைக்குக் கற்றுக்கொடுக்கிறது. காற்றில் சுற்றும் கம்புக்கு அந்த அதிர்வு கிடைக்காது.

ஏகலைவன் மட்டும் எப்படி?

என் பேத்தி லேசுப்பட்டவள் இல்லை. அழுகை ஓய்ந்ததும் என்னிடம் வாதம் செய்தாள். "அம்மாச்சி, ஏகலைவன் துரோணர் சிலையை வைத்துக்கொண்டு தானாகவே கற்றுக்கொண்டானே! சிலைக்கு வாய் கூட கிடையாது. என் வீடியோவாவது பேசியதே!"

நல்ல கேள்விதான். நான் சொன்னேன்: "ஏகலைவன் கற்றது வில்வித்தை. அம்பு குறியில் பட்டதா, இல்லையா என்று குறியே அவனுக்குச் சொல்லிவிடும். தப்பினால் திருத்திக்கொள்ளலாம். நீ மாடியில் வீசிய கம்பு சரியா, தப்பா என்று உனக்கு யார் சொன்னது?" அவள் பேசவில்லை.

அப்போது அவளுக்கு இன்னொரு வாத்தியாரைப் பற்றியும் சொன்னேன். ஜூடோ விளையாட்டைத் தோற்றுவித்த ஜப்பானியர் ஜிகோரோ கானோதான் அவர். இளைஞராக இருந்தபோது அவர் ஒல்லியானவர். ஜுஜுட்சு என்ற தற்காப்புக் கலையைப் பழகினார். அந்தப் பயிற்சிக்கூடத்தில் ஃபுகுஷிமா என்ற கனமான ஒருவரை அவரால் வீழ்த்தவே முடியவில்லை. கானோ என்ன செய்தார் தெரியுமா? நூலகத்துக்குப் போனார்! மேல்நாட்டு மல்யுத்தம் பற்றிய புத்தகம் ஒன்றைப் பார்த்தார். ஆளைத் தோளில் தூக்கிப் போடும் ஒரு பிடி அதில் இருந்தது. அந்தக் காலத்தில் புத்தகம்தான் செல்போன் வீடியோ மாதிரி. ஆனால், கானோ படித்ததோடு நிற்கவில்லை. பயிற்சிக்கூடத்துக்குப் போய் அந்தப் பிடியைப் போட்டுப் பார்த்தார். கனத்த ஃபுகுஷிமா கீழே விழுந்தார்!

அந்தப் பிடி ஜூடோவில் இன்றும் இருக்கிறது. 1882இல் டோக்கியோவில் ஒரு கோயிலில் கானோ தொடங்கிய கோடோகன் பள்ளி உலகப் புகழ் பெற்றது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ சேர்ந்தது. கானோ ஆசிரியர்களை உருவாக்கும் பயிற்சிப் பள்ளிக்குத் தலைவராகவும் பல ஆண்டுகள் இருந்தார். ஆசிரியர் பயிற்சி படித்த எனக்கு அதில் ஒரு தனிப் பெருமை! அவர் புத்தகத்தையும் ஒதுக்கவில்லை, பயிற்சிக்கூடத்தையும் விடவில்லை. இரண்டும் சேர்ந்ததால்தான் அந்தப் பிடி கிடைத்தது.

கராத்தேயிலும் இதே கணக்கு இருக்கிறது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே இரண்டு வகையாக நடந்தது. ஒன்று 'கட்டா'. எதிரி இருப்பதாக நினைத்துக்கொண்டு, குறிப்பிட்ட வரிசையில் தனியாகச் செய்து காட்டுவது. மற்றொன்று 'குமித்தே'. ஒருவரோடு ஒருவர் மோதுவது. டேக்வாண்டோவில் தனியாகச் செய்யும் வரிசைக்கு 'பூம்சே' என்று பெயர். 2020இல் கொரோனா காலத்தில் உலக டேக்வாண்டோ அமைப்பு பூம்சே போட்டியை இணையவழியே நடத்தியது. வீரர்கள் தங்கள் ஊரிலிருந்தே கலந்துகொண்டார்கள். தனி வரிசையை அப்படி நடத்தலாம். இரண்டு பேர் மோதுவதை அப்படி நடத்த முடியுமா? முடியாதே!

நம் சிலம்பப் போட்டியிலும் தனித்திறமை உண்டு, தொடுமுறையும் உண்டு. தனித்திறமையில் நீங்கள் மட்டும் சுற்றிக் காட்டுவீர்கள். தொடுமுறையில் எதிரே ஒருவர் இருப்பார். அவரைக் கம்பால் தொட்டால் புள்ளி. கவனியுங்கள், அதற்குப் பெயர் தொடுமுறை. அடிமுறை இல்லை!

கொட்டாங்கச்சிப் பாடம்

என் பேத்தி ஒரு வாரம் கம்பைத் தொடவில்லை. "நான் யாரையாவது மறுபடி அடித்துவிடுவேன்" என்று பயந்தாள். எட்டாம் நாள் மாஸ்டர் வேப்பமரக் கிளையில் ஒரு கொட்டாங்கச்சியை நூலில் கட்டித் தொங்கவிட்டார். "பாப்பா, இதைப் பார்த்து வீசு. ஆனா கம்பு இதிலே படக்கூடாது. ஒரு சாண் தூரத்துல நிக்கணும்" என்றார்.

முதல் நாள் கொட்டாங்கச்சி ஊஞ்சலாடியது. இரண்டாம் நாள் நூல் அறுந்தது. மெதுவாக வீசினாள், இன்னும் மெதுவாக வீசினாள். மூன்று வாரம் ஆனது. ஒரு மாலை அவள் வேகமாக வீசிய கம்பு ஒரு சாண் தூரத்தில் நின்றது. கொட்டாங்கச்சி அசையவே இல்லை!

அன்று அந்தப் பையன் தானாக வந்தான். விரல் வீக்கம் வடிந்திருந்தது. "அக்கா, நான் எதிரே நிற்கிறேன்" என்றான். யாரும் சொல்லாமல், தன்னை அடித்த கம்பின் முன்னால் வந்து அவனே நின்றான். இருவர் கம்பின் நுனியிலும் மாஸ்டர் துணி சுற்றிக் கொடுத்தார். மெதுவாக ஆடினார்கள். அவள் கம்பு அவன் தோளருகே வந்து ஒரு சாணில் நின்றது. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பயிற்சி முடிந்ததும் அவன் கேட்டான்: "அக்கா, நீங்க சுத்தினீங்களே புது வரிசை, அதைப் போன்ல எனக்குக் காட்டுறீங்களா?" திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பேரும் பார்த்தார்கள். ஒன்றரை ஆண்டில் அவள் செல்போனில் பார்த்துக் கற்ற வரிசைகளை அவன் சில வாரங்களில் பிடித்துவிட்டான். காலடி அவனிடம் ஏற்கெனவே உறுதியாக இருந்ததே! அவனிடம் இல்லாதது அவளிடம் இருந்தது. அவளிடம் இல்லாதது அவனிடம் இருந்தது.

நாற்றும் நடவும்

நம் காவிரிப் படுகைப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். நெல்லை முதலில் நாற்றங்காலில் விடுகிறோம். ஒரு சின்ன இடத்தில் பத்திரமாக, பச்சைப் பசேலென்று நாற்று வளர்கிறது. ஆனால், அங்கேயே விட்டுவைத்தால் நாற்று முற்றிப்போகும். பருவத்தில் பறித்து வயலில் நட்டால்தான் தூர் கட்டிக் கதிர் வாங்கும். செல்போன் வகுப்பு நாற்றங்கால். திடல்தான் வயல்.

கராத்தே, சிலம்பம், டேக்வாண்டோ, களரி என்று நீங்கள் எதைப் பழகினாலும் சில விஷயங்களை மறக்காதீர்கள்:

1. முதல் காலடியை நேரில் ஓர் ஆசானிடம் கற்றுக்கொள்ளுங்கள். தப்பாகப் பழகிய காலைத் திருத்துவது, புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

2. வரிசைகளை நினைவில் வைக்கவும், பெயர்களைத் தெரிந்துகொள்ளவும், மெதுவாக ஓடவிட்டுப் பார்க்கவும் வீடியோவைப் பயன்படுத்துங்கள். ஆசான் கற்றுக்கொடுத்ததை வீட்டில் மறுபடி பார்க்க அது நல்ல துணை.

3. செல்போனைத் திருப்பி வையுங்கள்! அடுத்தவரை எப்போதும் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, நீங்கள் செய்வதை அப்பா அம்மாவிடம் படம் எடுக்கச் சொல்லுங்கள். தலையிலிருந்து பாதம் வரை தெரிய வேண்டும். அதை ஆசானிடம் காட்டுங்கள். அறிமுகம் இல்லாதவர்களுக்கு அனுப்ப வேண்டாம்.

4. தீப்பந்தம், சுருள்வாள், கத்தி ஆகியவற்றை வீடியோ பார்த்துச் செய்யவே கூடாது. பல ஆண்டுகள் பழகியவர்கள், ஆசான் பக்கத்தில் நிற்கும்போது செய்பவை அவை.

5. மின்விசிறிக்குக் கீழே, மின்கம்பிக்குப் பக்கத்தில், சின்னப் பிள்ளைகள் ஓடும் இடத்தில் கம்பு சுற்றாதீர்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியும் வேண்டாம்.

6. ஆளோடு ஆள் பழகும்போது பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். தலைக்கவசமும் மார்புக் கவசமும் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். வேகம் கடைசியில் வரட்டும். நிறுத்துவது முதலில் வரட்டும்.

என் பேத்தி இப்போது என்னைவிட உயரம். அவளுடைய கம்பு அதன் பிறகு இரண்டு முறை மாறிவிட்டது. புதிதாகச் சேரும் சின்னப் பிள்ளைகளுக்கு அவள்தான் கொட்டாங்கச்சி கட்டிக் கொடுக்கிறாள். அந்தப் பையன் இன்றும் அவளுக்கு எதிரே நிற்கும் ஆள். சண்டை போட்டுக்கொள்ளாத நாள் கிடையாது, அடிபட்ட நாளும் பிறகு கிடையாது. மழை பெய்து திடலில் தண்ணீர் நிற்கும் நாட்களில் இருவரும் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து செல்போனில் வரிசை பார்க்கிறார்கள். தரை காய்ந்ததும் ஓடிவிடுகிறார்கள்.

சரி குழந்தைகளே, அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு மாதம் கழித்து, அதே நண்பரைக் கூப்பிட்டு அதே ஸ்கேலைப் பிடித்துப் பாருங்கள். இரண்டாவது எண் குறைந்திருக்கிறதா என்று பார்ப்போம். ஆனால், நண்பர் இல்லாமல் இந்த ஆட்டம் ஆட முடியாது. முதலில் அவரைக் கூப்பிடுங்கள்!